விழுந்தாலும் உடையாத விமானம்!

கம்ப்யூட்டர் திரையில் பறக்கப் பழகிக்கொண்டு, பிறகு மைதானத்துக்கு வருகிறார்கள்

ஒரு மாதம் உழைத்துச் செய்த விமானம்.

இலேசான பால்சா மரத்தைச் சீவி, பசை போட்டு ஒட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போர்த்தி, சிறிய மோட்டார் ஒன்றும் ரேடியோ ஒன்றும் பூட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குக் கொண்டு வருகிறார் ஒருவர்.

விமானம் ஓடுகிறது. ஜம்மென்று மேலே எழும்புகிறது. வட்டமிட்டுத் திரும்புகிறது. அவரை நோக்கி வருகிறது.

அவர் கையில் உள்ள குச்சியை வலப் பக்கம் தள்ளுகிறார். விமானமோ இடப் பக்கம் சாய்கிறது! பதறிப்போய் இன்னும் தள்ளுகிறார். விமானம் இன்னும் சாய்கிறது.

அடுத்த கணம் "படார்!"

ஒரு மாத உழைப்பு ஒரே நிமிடத்தில் சுக்குநூறு!

ரேடியோ விமானம் விடப் பழகிய பழைய ஆட்கள் எவரைக் கேட்டாலும் ஏறக்குறைய இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். முதல் விமானம் முதல் நாளே உடைந்தது என்பார் ஒருவர். உடைந்ததை ஒட்ட மூன்று வாரம் ஆயிற்று என்பார் இன்னொருவர். மனம் வெறுத்து விட்டுவிட்டேன் என்பவர்களும் உண்டு.

இப்போது இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. வீட்டில் மேஜை முன்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையிலேயே விமானம் விடப் பழகலாம். விமானம் நூறு தடவை விழட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால், புத்தம் புதிய விமானம் மறுபடியும் ஓடுபாதையில் வந்து நிற்கும்!

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று கேட்கிறீர்களா? இந்தச் சுரைக்காய் உதவுகிறது. எப்படி உதவுகிறது, எந்த இடத்தில் உதவாது என்பதைப் பார்ப்போம்.

பொம்மை அல்ல

ரேடியோ விமானத்தைப் பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. அதுவும் விமானம்தான். ஆள் ஏறாத விமானம். அவ்வளவே வித்தியாசம்.

பெரிய விமானத்தைத் தூக்குகிற அதே காற்றுத்தான் இதையும் தூக்குகிறது. பெரிய விமானத்துக்கு உள்ள இறக்கை, வால், சுக்கான் எல்லாம் இதற்கும் உண்டு. பெரிய விமானம் எந்தக் காரணத்தால் விழுமோ, அதே காரணத்தால் இதுவும் விழும்.

விமானத்தை ஓட்டுகிறவர் தரையில் நிற்பார். அவர் கையில் ஒரு ரேடியோ பெட்டி இருக்கும். அதில் உள்ள குச்சியை அசைத்தால் ரேடியோ அலை பாயும். விமானத்துக்குள் இருக்கும் சிறு கருவி அந்த அலையை வாங்கும். உடனே, தீப்பெட்டி அளவுள்ள சின்னஞ்சிறு மோட்டார்கள் சுழன்று இறக்கையிலும் வாலிலும் உள்ள பலகைகளை அசைக்கும். இந்த மோட்டாருக்கு "சர்வோ" என்று பெயர்.

முன்பு பெட்ரோல் மாதிரியான எண்ணெயில் ஓடும் எஞ்சின்களே அதிகம். இப்போது பாட்டரியில் ஓடும் மோட்டார்கள் வந்துவிட்டன. வேகமும் உண்டு, சத்தமும் குறைவு.

இரட்டையர் செய்த விமானம்

கம்பி இல்லாமல் ஒரு பொருளை நடத்தலாம் என்பதை முதலில் மக்களுக்குக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி. 1898-ல் நியூயார்க் நகரில் ஒரு பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, தூரத்தில் நின்றபடியே அதைத் திருப்பிக் காட்டினார். பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

சிறு மாதிரி விமானத்தை ஆகாயத்தில் அப்படி நடத்த இன்னும் சுமார் 40 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கலாமசூ என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரில் வால்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டைப் பிள்ளைகள். ஒருவருக்கு விமானம் செய்வதில் பைத்தியம். இன்னொருவருக்கு ரேடியோவில் பைத்தியம். இரண்டு பைத்தியமும் ஒன்று சேர்ந்தது! 8 அடி இறக்கை உள்ள விமானம் ஒன்றைச் செய்தார்கள். அதற்கு "கஃப்" என்று பெயர் வைத்தார்கள். 1937-ல் அது பறந்தது.

அதே 1937-ல் டெட்ராய்ட் நகரில் அமெரிக்காவின் முதல் ரேடியோ விமானப் போட்டி நடந்தது.

அந்தக் காலத்து ரேடியோவில் கண்ணாடி வால்வுகள் இருக்கும். பாட்டரியோ ஒரே பாரம். இன்றைய விமானம் போலச் சொன்னபடி எல்லாம் வளையாது. ஆனாலும் பறந்தது. குட் சகோதரர்களின் விமானம் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் காட்சிசாலையின் பொக்கிஷங்களில் ஒன்று.

இரண்டு குச்சிகள், நான்கு வேலைகள்

இன்றைய ரேடியோ பெட்டியில் இரண்டு குச்சிகள் இருக்கும். ஒவ்வொன்றும் மேலும் கீழும் போகும். வலமும் இடமும் போகும். ஆக மொத்தம் நான்கு வேலைகள்.

ஒன்று, மோட்டாரின் வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது.

இரண்டு, விமானத்தின் மூக்கை உயர்த்துவது, தாழ்த்துவது. குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் மூக்கு உயரும்.

மூன்று, விமானத்தை வலமாகவோ இடமாகவோ சாய்ப்பது. சைக்கிள் திரும்பும்போது சாய்கிறதல்லவா? அதுபோல விமானமும் சாய்ந்துதான் திரும்பும்.

நான்கு, வாலில் உள்ள சுக்கானைத் திருப்புவது.

அமெரிக்காவில் பெரும்பாலோர் இடக்கைக் குச்சியில் வேகத்தை வைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் பலர் அதை வலக்கைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். எதுவானாலும் முதலில் பழகியதையே கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் மாற்றினால் கை குழம்பிவிடும்.

"நாலே வேலைதானே! நாலு நாளில் கற்றுக்கொள்ளலாமே!" என்று தோன்றும். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

வலது இடதாகும் மாயம்

உங்கள் எதிரே ஒருவர் நிற்கிறார். அவருடைய வலக்கை உங்களுக்கு எந்தப் பக்கம்? இடப் பக்கம் அல்லவா?

ரேடியோ விமானமும் அப்படித்தான். அது உங்களைவிட்டு விலகிப் போகும்போது அதன் வலது உங்கள் வலது. உங்களை நோக்கி வரும்போது அதன் வலது உங்கள் இடது!

விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் விமானிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் விமானத்தோடு சேர்ந்து திரும்புகிறார். தரையில் நிற்பவர் திரும்புவதில்லை. மூளைதான் திரும்ப வேண்டும்.

யோசித்துப் பார்த்துச் செய்யலாமே என்றால், யோசிக்க நேரம் ஏது? விமானம் தலைகீழாகப் போய்த் தரையில் மோத ஒன்றிரண்டு விநாடி போதும். யோசித்து முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

அனுபவசாலிகள் இதற்கு ஒரு சுலபமான வழி சொல்லிக்கொடுப்பார்கள். விமானம் உங்களை நோக்கி வருகிறது. ஓர் இறக்கை தாழ்ந்துவிட்டது. எந்தப் பக்கம் தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள். சாயும் வாழைக்கு முட்டுக் கொடுப்பதுபோல, தாழ்ந்த இறக்கைக்குக் குச்சியால் முட்டுக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். விமானம் நிமிர்ந்துவிடும்.

இந்த வழியைக் காது கேட்டால் போதாது. கை கேட்க வேண்டும்! அதற்கு நூற்றுக்கணக்கான தடவை பழக வேண்டும். நூற்றுக்கணக்கான தடவை பழக நூற்றுக்கணக்கான விமானத்துக்கு எங்கே போவது?

இதற்குத்தான் திரை விமானம்.

பீப்பாய்க்குள் விமானி

தரையில் இருந்தபடியே பறக்கப் பழகும் யோசனை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. விமானம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே இதுவும் தோன்றிவிட்டது.

1910 வாக்கில் பிரான்ஸ் நாட்டில் "ஆன்துவானெத்" என்ற விமானம் புகழ் பெற்றிருந்தது. அதை ஓட்டுவது கடினம். ஆகவே பழகுகிறவர்களுக்காக ஒரு வேடிக்கையான ஏற்பாடு செய்தார்கள். பீப்பாயைப் பாதியாக வெட்டி, அதன்மேல் இன்னொரு பாதியை ஏற்றி, அதில் மாணவனை உட்காரவைத்தார்கள். ஆட்கள் வெளியே நின்று அதை ஆட்டுவார்கள். மாணவன் தன் பக்கத்தில் உள்ள சக்கரங்களைத் திருப்பி அதை நேராக நிறுத்த வேண்டும்!

பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் விழுந்து சாவதைவிடப் பீப்பாயில் ஆடுவது மேல் அல்லவா?

மூடுபனியில் வந்த மனிதர்

இந்த வேலையை ஒரு பெரிய தொழிலாகவே ஆக்கியவர் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர்.

நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் அவருடைய தகப்பனார் வாத்தியத் தொழிற்சாலை வைத்திருந்தார். பியானோவும் ஆர்கனும் செய்தார்கள். நம் ஆர்மோனியத்தில் துருத்தி காற்றை அடிப்பது போல, ஆர்கனிலும் காற்றுத்தான் வேலை செய்கிறது.

லிங்குக்கு விமானம் ஓட்ட ஆசை. பழகச் செலவோ அதிகம். "துருத்தியால் வாத்தியம் பாடுகிறதே, துருத்தியால் விமானம் ஆடாதா?" என்று நினைத்தார். சிறிய விமானம் போன்ற ஒரு பெட்டி செய்தார். அடியில் துருத்திகளை வைத்தார். உள்ளே இருப்பவர் குச்சியை அசைத்தால் பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். 1929-ல் பெட்டி தயார்.

யார் வாங்கினார்கள் தெரியுமா? கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தாம் முதலில் வாங்கினார்கள்! குழந்தைகள் காசு கொடுத்து ஏறி ஆடினார்கள்.

1934-ல் நிலைமை மாறியது. தபால் கொண்டுபோகும் வேலையை அமெரிக்க ராணுவ விமானிகள் ஏற்றார்கள். இரவிலும் பனியிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் அவர்களில் பலருக்கு இல்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட விமானிகள் மாண்டார்கள். நாடே அலறியது.

லிங்கின் பெட்டியைப் பற்றிப் பேச ராணுவ அதிகாரிகள் நியூவார்க் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். அன்று ஒரே மூடுபனி. "இந்தப் பனியில் எவன் வருவான்?" என்று அதிகாரிகள் நினைத்த நேரத்தில், லிங்கின் விமானம் வந்து இறங்கியது! கருவிகளைப் பார்த்தே ஓட்டி வந்திருந்தார். இதைவிட வேறு சாட்சி எதற்கு?

ராணுவம் பெட்டி ஒன்றுக்கு 3,500 டாலர் வீதம் 6 பெட்டிகள் வாங்கியது. இரண்டாவது உலக யுத்தத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட விமானிகள் லிங்கின் பெட்டியில் பழகினார்கள்.

பூங்காவில் குழந்தைகள் ஆடிய பெட்டி, யுத்த காலத்தில் விமானிகளின் பள்ளிக்கூடம் ஆயிற்று.

திரைக்குள் ஆகாயம்

லிங்க் துருத்தியால் செய்ததை இன்று கம்ப்யூட்டர் கணக்கால் செய்கிறது.

ரேடியோ பெட்டியை ஒரு கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைக்கிறார்கள். கம்பியே இல்லாமல் இணைக்கும் சிறு கருவியும் உண்டு. நீங்கள் குச்சியை அசைத்ததும் கம்ப்யூட்டர் கணக்குப் போடத் தொடங்குகிறது. விமானத்தின் எடை எவ்வளவு? வேகம் எவ்வளவு? இறக்கையைக் காற்று எவ்வளவு தூக்கும்? எவ்வளவு இழுக்கும்? எதிர்க்காற்று வீசினால் என்ன ஆகும்? ஒரு விநாடிக்குள் பல தடவை இந்தக் கணக்கைப் போட்டு, அதற்கு ஏற்றபடி திரையில் விமானத்தைக் காட்டுகிறது.

காற்று வீசும் திசையை நாமே வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் காற்றே வேண்டாம். அடுத்த வாரம் இளங்காற்று. பிறகு ஆடிக்காற்று!

பறவை போல் மெல்லப் பறக்கும் விமானம் வேண்டுமா, அம்பு போல் பாயும் ஜெட் வேண்டுமா, ஹெலிகாப்டர் வேண்டுமா? எல்லாம் திரையில் உண்டு. அமெரிக்காவில் "ரியல்ஃப்ளைட்" என்பது பெயர் பெற்றது. காசு கொடுத்து வாங்க வேண்டும். "பிக்காசிம்" போன்று இலவசமாகக் கிடைப்பவையும் இருக்கின்றன.

ஒன்று கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டரின் எழுத்துப் பலகையை வைத்துப் பழகினால் பயன் இல்லை. மைதானத்தில் எந்தப் பெட்டியைப் பிடிக்கப் போகிறோமோ, அதே மாதிரிப் பெட்டியைப் பிடித்துப் பழக வேண்டும். பழக வேண்டியது கண் மட்டும் அல்ல, கட்டைவிரலும்தான்.

எப்படிப் பழகுவது?

திரை கிடைத்ததும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முழு வேகம் வைத்துக் குட்டிக்கரணம் போடுவார்கள். விழுந்தால் சிரிப்பார்கள். மறுபடியும் பொத்தான். மறுபடியும் குட்டிக்கரணம். இப்படிச் செய்தால் விழத்தான் பழகலாம்!

ஒழுங்காகப் பழகுகிறவர்கள் படிப்படியாகப் போகிறார்கள்.

முதல் படி: உடலுக்கு மேலே இறக்கை வைத்த பழகும் விமானத்தை எடுத்துக்கொள்வது. அதன் இறக்கைகள் இருபக்கமும் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். குச்சியை விட்டுவிட்டால் தானே நிமிரப் பார்க்கும். அதை ஒரே உயரத்தில் நேராகப் பறக்கவிட வேண்டும். இதுவே முதலில் பெரிய பாடு.

இரண்டாவது படி: வலப் பக்கம் வட்டம், இடப் பக்கம் வட்டம். பிறகு 8 என்ற எண்ணைப் போல் பறப்பது. 8 போடும்போது விமானம் மாறி மாறி எதிரே வரும், விலகிப் போகும். வலது, இடது குழப்பம் தீர இதைவிட நல்ல மருந்து இல்லை.

மூன்றாவது படி: தரையில் இறக்குவது. இது ஒன்றுக்கே பாதி நேரத்தைச் செலவிட வேண்டும். கிளம்பாமல் இருந்துவிடலாம், கிளம்பினால் இறங்கித்தானே தீர வேண்டும்?

இறங்கும்போது புதியவர்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். விமானம் ஓடுபாதைக்கு எட்டாது போல் தோன்றினால் மூக்கை உயர்த்துகிறார்கள். மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் வேகம் குறையும். இறக்கைமேல் காற்று ஒழுங்காக ஓடாது. தூக்கும் சக்தி சட்டென்று போய்விடும். விமானம் கல்லைப் போல விழும். எட்டாவிட்டால் மோட்டாரைச் சற்று முடுக்க வேண்டுமே தவிர, மூக்கைத் தூக்கக் கூடாது.

நான்காவது படி: பறக்கும்போதே மோட்டாரை நிறுத்திவிட்டு, சறுக்கியபடியே வந்து இறங்குவது. உண்மை விமானத்தில் மோட்டார் நின்றுபோனால் அன்று இந்தப் பாடம் விமானத்தைக் காப்பாற்றும்.

தினம் அரை மணி பழகினால் போதும். ஒரே நாளில் 5 மணி நேரம் உட்கார்ந்தால் கண் எரியுமே தவிர, கை பழகாது.

இன்னொரு நல்ல யோசனையும் சொல்கிறார்கள். திரை விமானத்தையும் காசு கொடுத்து வாங்கிய விமானமாகவே நினைக்க வேண்டும். விழுந்தால் உடனே பொத்தானை அழுத்தக் கூடாது. ஏன் விழுந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அழுத்த வேண்டும்.

திரை சொல்லித்தராத பாடம்

திரையில் நூறு தடவை இறக்கியவர் மைதானத்துக்கு வருகிறார். உண்மை விமானம் மேலே எழும்புகிறது. அவருக்கு முழங்கால் நடுங்குகிறது. உள்ளங்கை வேர்க்கிறது.

ஏன்? திரையில் பயம் இல்லை. இங்கே இருக்கிறது!

பயம் மட்டும் அல்ல. மைதானத்தில் சூரியன் கண்ணில் அடிக்கும். விமானம் மேகத்துக்கு முன்னால் போனால் அதன் உருவம் மங்கிவிடும். மரம் கிட்டே இருக்கிறதா, எட்ட இருக்கிறதா என்பது திரையில் சரியாகத் தெரியாது. திரைக்கு வெளியே எதுவும் இல்லை. மைதானத்திலோ வானம் முழுவதும் இருக்கிறது.

திரையில் விமானத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. மைதானத்தில் கிளம்புமுன் பார்க்க வேண்டியவை பல. பாட்டரி நிரம்பியிருக்கிறதா? திருகாணிகள் இறுகியிருக்கின்றனவா? குச்சியை வலம் தள்ளினால் இறக்கைப் பலகை சரியான பக்கம் அசைகிறதா? பழுது பார்த்தபோது கம்பியை மாற்றிச் செருகிவிட்டால் எல்லாம் தலைகீழாக நடக்கும். தரையில் ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே போன பிறகு தெரிந்து என்ன பயன்?

சுழலும் விசிறி விரலை வெட்டும். லித்தியம் பாட்டரி அடிபட்டாலோ, அளவுக்கு மீறி மின்சாரம் ஏற்றினாலோ தீப்பிடிக்கும். 2013-ல் நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில், ரேடியோ ஹெலிகாப்டரின் விசிறி தாக்கி, அதை ஓட்டிய இளைஞரே இறந்துபோனார். விளையாட்டு என்று அசட்டையாக இருக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆகவேதான் ஆள் கூட்டத்துக்கு மேல் பறக்கவிடக் கூடாது என்பது பல நாடுகளிலும் முக்கியமான விதி. அமெரிக்காவில் 250 கிராமுக்கு மேல் உள்ள விமானத்தை அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் நாட்டிலும் 2021-ல் டிரோன் விதிகள் வந்திருக்கின்றன. விமான நிலையத்தின் அருகே அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

சைக்கிளைப் பிடித்துக்கொள்ளும் அப்பா

நாம் சைக்கிள் பழகியபோது என்ன நடந்தது? அப்பாவோ அண்ணனோ பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். சாய்ந்தால் நிமிர்த்துவார்கள்.

ரேடியோ விமானத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. இரண்டு ரேடியோ பெட்டிகளை இணைத்துவிடுகிறார்கள். ஒன்று மாணவன் கையில். ஒன்று ஆசிரியர் கையில். ஆசிரியர் ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மாணவன்தான் ஓட்டுகிறான். விமானம் தலை குப்புறப் போகத் தொடங்கினால் ஆசிரியர் விசையை விட்டுவிடுவார். அந்தக் கணமே விமானம் ஆசிரியர் வசம்! நிமிர்த்தி, மேலே கொண்டுபோய், "இந்தா, மறுபடியும் ஓட்டு" என்று கொடுப்பார்.

அமெரிக்காவில் 1936-ல் தோன்றிய மாதிரி விமானச் சங்கம் ஒன்று உண்டு. இப்போது இண்டியானா மாநிலத்தில் மன்சி என்ற ஊரில் அதன் தலைமையகம் இருக்கிறது. அதைச் சேர்ந்த மன்றங்கள் பல ஊர்களில் உள்ளன. புதியவர்களுக்கு அங்கே பெரியவர்கள் இப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். திரையில் பழகி வந்த மாணவனை ஆசிரியர் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவாராம். அவன் கை குச்சியைப் பிடித்து முறிக்காது. மெல்லத் தொடும்.

மூன்று தவறு உயரம்

இந்த மன்றங்களில் ஒரு பேச்சு வழங்குகிறது. "எவ்வளவு உயரத்தில் பறக்கவிட வேண்டும்?" என்று புதியவர் கேட்டால், "மூன்று தவறு உயரம்" என்பார்கள்.

அது என்ன கணக்கு?

ஒரு தவறு செய்தால் விமானம் கொஞ்சம் கீழே வரும். அதைத் திருத்தும்போது பதற்றத்தில் இன்னொரு தவறு வரும். இன்னும் கீழே வரும். மூன்றாவது தவறும் வரும். மூன்று தவறு செய்த பிறகும் தரைக்கும் விமானத்துக்கும் நடுவே இடம் மிச்சம் இருக்க வேண்டும். அதுதான் மூன்று தவறு உயரம்!

அடி கணக்கு, கெஜக் கணக்கு எல்லாவற்றையும்விட இது நல்ல கணக்கு.

கடலைத் தாண்டிய சிறு விமானம்

ரேடியோ விமானம் எவ்வளவு தூரம் போகும்?

அமெரிக்காவில் மேனார்ட் ஹில் என்று ஒரு பெரியவர் இருந்தார். வயது 77. கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. காதும் மந்தம். அவருக்கு ஓர் ஆசை. சிறு விமானம் ஒன்றை அட்லாண்டிக் மகா சமுத்திரத்தைத் தாண்டி அனுப்ப வேண்டும்!

அனுப்பிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைந்தன. அவர் விடவில்லை. 2003 ஆகஸ்டு மாதம், கனடாவின் கரையிலிருந்து இன்னொரு விமானத்தை அனுப்பினார். 5 கிலோகூட இல்லாத விமானம். மரமும் பிளாஸ்டிக் தாளும்தான். நடுக் கடலில் கருவிகளே அதை வழிநடத்தின. சுமார் 3,000 கிலோமீட்டர் பறந்து, 38 மணி நேரத்துக்குப் பிறகு அயர்லாந்தின் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.

கரையில் காத்திருந்தவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புள்ளி தெரிந்தது. உடனே டேவ் பிரவுன் என்ற அனுபவசாலி ரேடியோ பெட்டியைக் கையில் எடுத்து, விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். நடுக் கடல் முழுவதும் கருவிகள் ஓட்டின. கடைசி நிமிடத்துக்குப் பழகிய மனிதக் கை வேண்டியிருந்தது.

இயந்திரமும் மாணவன்

இப்போது இன்னொரு புதுமையும் நடந்திருக்கிறது. திரையில் மனிதர்கள் மட்டும் அல்ல, இயந்திரங்களும் பழகுகின்றன!

நான்கு விசிறி வைத்த டிரோன்களுக்குப் பந்தயம் நடக்கிறது. டிரோனில் உள்ள கேமரா காட்டும் காட்சியைக் கண்ணாடி மாட்டிப் பார்த்தபடி ஓட்டுவார்கள். 2017-ல் அமெரிக்காவின் டிரோன் பந்தயக் கழகம் கம்ப்யூட்டர் திரையிலேயே ஒரு போட்டி வைத்தது. வென்றவருக்கு 75,000 டாலர் சம்பளத்தில் பந்தய விமானி வேலை!

சுவிட்சர்லாந்தின் ஜூரிக் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "ஸ்விஃப்ட்" என்ற செயற்கை அறிவு விமானியை உண்டாக்கினார்கள். அதைத் திரை உலகத்திலேயே திரும்பத் திரும்ப விழவிட்டுப் பழக்கினார்கள். 2022-ல் அதை உலகப் புகழ் பெற்ற மூன்று பந்தய வீரர்களோடு மோதவிட்டார்கள். நடந்த 25 பந்தயங்களில் இயந்திரம் 15-ல் வென்றது! 2023-ல் இந்தச் செய்தி வெளியாகி எல்லாரையும் வியக்கவைத்தது.

ஆனால் அந்த விஞ்ஞானிகளே ஓர் உண்மையையும் சொல்லியிருக்கிறார்கள். திரையில் மட்டும் பழக்கியது போதவில்லை. உண்மை மைதானத்தில் பறக்கவிட்டு, அங்கே கண்ட வித்தியாசங்களை எழுதிக்கொண்டு, அதற்கேற்பத் திரை உலகத்தைத் திருத்த வேண்டியிருந்தது. வெளிச்சம் மாறினாலும் மனிதன் சமாளித்துக்கொள்வான். இயந்திரம் திணறும் என்றும் சொல்கிறார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் பழமொழி இயந்திரத்தையும் விடவில்லை, பார்த்தீர்களா?

அப்பாவும் மகனும், தாத்தாவும் பேத்தியும்

இந்தக் கலைக்கு வயது இல்லை. பத்து வயதுப் பெண்ணும் பழகலாம். எழுபது வயதுத் தாத்தாவும் பழகலாம். உடல் பலம் வேண்டாம். இரண்டு கட்டைவிரலும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

வீட்டில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுடுகிற விளையாட்டும் வெட்டுகிற விளையாட்டும் ஆடுகிறார்களே என்று கவலைப்படுகிற பெற்றோர் பலர். அதே திரையில் இதையும் ஆடச் சொல்லிப் பார்க்கலாம். காற்று ஏன் தூக்குகிறது, எதிர்க்காற்றில் ஏன் கிளம்ப வேண்டும், வேகம் குறைந்தால் ஏன் விழுகிறது என்று பையன் தானே கேட்கத் தொடங்குவான். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இருக்கும் பாடம் கட்டைவிரல் வழியாக மூளைக்கு ஏறும்.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் உண்டு. தவறு செய்யாமல் எவரும் எதையும் கற்றதில்லை. ஆனால் சில தவறுகளுக்கு விலை அதிகம். அந்தத் தவறுகளை விலை இல்லாத இடத்தில் முன்கூட்டியே செய்து முடித்துவிட்டால், விலை உள்ள இடத்தில் செய்யாமல் தப்பலாம். 1910-ல் பீப்பாய் செய்தவர்களும், துருத்தியை வைத்துப் பெட்டி செய்த லிங்கும், இன்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர்களும் செய்தது இந்த ஒரே வேலையைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்காவது மைதானத்தில் ஒரு சிறு விமானம் வட்டமிட்டு, மெல்லத் தாழ்ந்து, புல்லின்மேல் பூப்போல இறங்குவதைப் பார்த்தால், ஓட்டியவரின் கையைப் பாராட்டுங்கள். அந்த ஓர் இறக்கத்துக்குப் பின்னால், யாரும் பார்க்காத திரையில், எத்தனையோ "படார்"கள் இருக்கும்!